ஏலத்தில் எடுத்த குட்டி யானை

கடத்தூர் பக்கத்தில் எங்கள் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஏழரை ஏக்கர். மஞ்சள், நாட்டுக் கத்தரி, கீரை, கொஞ்சம் சாமை. நஞ்சில்லாமல் விளைவிக்க எப்படியோ கற்றுக்கொண்டோம். விளைந்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் காசு கரைந்தது. தருமபுரிக்கு ஒரு நடை வாடகை வண்டி பிடித்தால் 1,400 ரூபாய். வாரத்துக்கு இரண்டு நடை. கீரை விற்ற காசு வண்டிக்காரருக்கே போன வாரங்களும் உண்டு. தொழு உரம், புண்ணாக்கு ஏற்றி வருவதற்கு வாடகை தனி.

புது வண்டி எடுக்கலாம் என்றால் பல லட்சம். மாதத் தவணை கட்ட வேண்டும். வெளியிலிருந்து வாங்குவதைக் குறைக்கத்தான் இயற்கை வேளாண்மைக்கே வந்தோம். உரக்கடைக் கடனிலிருந்து தப்பி வந்தவன் வண்டிக் கடனில் போய் விழுவதா என்று தயங்கினோம். அப்போதுதான் எங்களில் ஒருவர், "ஏலத்துல எடுத்தா என்ன? பாதி விலைக்குக் கிடைக்குதாமே" என்றார்.

பாதி விலைக்குக் கிடைப்பது உண்மைதான். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற உழவர்களுக்கு உதவும்.

முதலில் போன இடம்

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, தவணை கட்டாததால் பிடித்த வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் ஒரு யார்டுக்குப் போனோம். நிதி நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நாலு பக்கமும் தகர வேலி. உள்ளே ஆட்டோ, பைக், குட்டி யானை, டிராக்டர் என்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

ஒரு மாசே 1035 டிராக்டர் எங்கள் கண்ணில் பட்டது. மெக்கானிக் தம்பி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், கிளட்சை மிதித்துப் பார்த்தார். "இன்ஜின் கை வைக்காத இன்ஜின்ணா. விடாதீங்க" என்றார். ரெண்டே கால் லட்சத்துக்கு முடித்துக் கொடுக்கலாம் என்று யார்டில் சொன்னார்கள். எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. மட்கார்டில் ஒரு குழந்தையின் பெயரும், எங்களுக்குத் தெரிந்த ஒரு ஊரின் பெயரும் எழுதியிருந்தது.

வாசலில் டீ குடிக்கும்போது ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். அந்த டிராக்டர் அவருடையது. இரண்டு வருடம் மரவள்ளிக்கு விலை இல்லை, தவணை நின்றது, வண்டியைப் பிடித்துவிட்டார்கள். நாங்கள் சங்கடப்பட்டு எழுந்தோம். அவர் உட்காரச் சொன்னார்.

"நீங்க எடுக்கலைன்னா வேற யாராவது எடுக்கத்தான் போறாங்க. அதப் பத்தி ஒண்ணுமில்லீங்ணா. எனக்கு மூணு லட்சத்து நாப்பதாயிரம் பாக்கி. ரெண்டே காலுக்குப் போச்சுன்னா மீதி என் தலைமேலதான் நிக்கும். வண்டியும் போயி கடனும் நிக்கும். கொஞ்சம் நல்ல விலைக்குக் கேளுங்க, அவ்ளோதான்."

அதுவரை எங்களுக்கு இது உறைக்கவே இல்லை. நாங்கள் எவ்வளவு சல்லிசாக எடுக்கிறோமோ, அவ்வளவு அவர் கடன் மிஞ்சும். ஏலத்தில் விற்ற பணம் கடனில் கழிக்கப்படும். போதாத பாக்கியை நிறுவனம் அவரிடமே கேட்கும். கடனுக்கு மேல் விலை போயிருந்தால் மிச்சம் அவருக்கு வர வேண்டும். நடப்பதென்னவோ பெரும்பாலும் முதல் கதைதான்.

நாங்கள் அந்த டிராக்டரை எடுக்கவில்லை. பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். அவர் சொன்ன நல்ல விலை எங்கள் கையில் இல்லை. மலிவு விலைக்கு எடுத்து, அதே ஊர் வழியாக ஓட்டிப் போக மனசும் வரவில்லை.

தவணை நின்றுபோன உழவருக்கு

வாங்குகிறவர் மட்டுமல்ல, வண்டியை இழக்கும் நிலையில் இருப்பவரும் இதைப் படிக்கக்கூடும். அதனால் சில விஷயங்கள்.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி நியாய நடைமுறை விதிகள் வகுத்திருக்கிறது. அதன்படி, வண்டியைப் பிடிக்கும் முன் தர வேண்டிய அறிவிப்புக் காலம், பிடிக்கும் முறை, விற்பதற்கு முன் பணம் கட்டிக் கடைசியாக ஒரு வாய்ப்பு, விற்கும் முறை ஆகியவை கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். வண்டியைப் பிடித்துவிட்டார்கள் என்றாலும் கதை முடிந்தது என்று வீட்டில் உட்கார வேண்டாம். ஏலத்துக்கு முன் எவ்வளவு கட்டினால் மீட்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். விற்றுவிட்டால் என்ன விலைக்கு விற்றது, கடனில் எவ்வளவு கழிந்தது என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

அடியாட்களை வைத்து வண்டியைப் பிடிப்பதை 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஆனாலும் நடக்கிறது. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஓர் உழவரைப் போலீஸார் அடித்து இழுத்த காட்சியை நாடே பார்த்தது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் டிராக்டரைப் பிடித்துப் போக வந்தபோது, அந்த உழவரின் கர்ப்பிணி மகள் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதன் பிறகு ரிசர்வ் வங்கி, அந்த நிதி நிறுவனம் வெளியாட்களை வைத்து வசூல் செய்வதைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. ஏல யார்டில் நிற்கும் ஒவ்வொரு டிராக்டருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

எந்த ஏலம், என்ன வண்டி

அதன் பிறகு நிதானமாக விசாரித்தோம். நம் பக்கத்தில் ஏலத்துக்கு வரும் வண்டிகள் நாலு வகை.

ஒன்று, நான் மேலே சொன்ன தவணை நின்ற வண்டி. ஓடிக்கொண்டிருந்த வண்டி என்பதால் பழுது குறைவு. ஆனால் ஆர்.சி. பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கும், அதில் கடன் பதிவும் இருக்கும். நிதி நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயருக்கு மாற்றித் தருமா, கடன் பதிவை நீக்கும் படிவம் 35 தருமா என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு, மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டி. தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லை மாவட்டங்கள் என்பதால் வெளிமாநில மதுபானம் கடத்தியதாகப் பிடிபடும் பைக்கும் காரும் சரக்கு வண்டியும் அதிகம். 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி பறிமுதல் செய்து, மாவட்டக் காவல்துறை பொது ஏலம் விடும். செய்தித்தாளில் அறிவிப்பு வரும்.

மூன்று, கழித்துக்கட்டிய அரசு வண்டி. முன்பெல்லாம் பழைய அரசு ஜீப்பை ஏலத்தில் எடுத்து வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். இப்போது அது முடியாது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 'அரசு ஜீப், சல்லிசு' என்று யாராவது சொன்னால் முதலில் வருடத்தைக் கேளுங்கள்.

நான்கு, காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி. விபத்திலோ வெள்ளத்திலோ சேதமாகி, பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு, உரியவருக்கு இழப்பீடு தந்துவிட்டு வண்டியை விற்பார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் ஆயிரக்கணக்கில். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ஒயரிங் அரித்துக்கொண்டே இருக்கும். இந்த வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் மட்டும் வாங்கி, திருட்டு வண்டிக்கு மாட்டி விற்கும் கூட்டங்கள் வடநாட்டில் பிடிபட்டிருக்கின்றன. இந்த வகை நமக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது வகைக்குப் போனோம்.

ஏல மைதானத்தில்

பக்கத்து மாவட்டம் ஒன்றின் ஆயுதப்படை மைதானம். ஏலத்துக்கு முதல் நாளும் அன்று காலையும் வண்டிகளைப் பார்க்க விட்டார்கள். ஆதார் நகலும் முன்பணமும் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். 'உள்ளது உள்ளபடி' என்பதுதான் விதி. எடுத்த பிறகு இன்ஜின் இல்லை, கியர் பெட்டி இல்லை என்று யாரிடமும் கேட்க முடியாது.

போலீஸ் பிடித்த வண்டிகள் நிலையங்களில் மட்கிப்போகக் கூடாது, உரியவரிடம் பிணையில் கொடுங்கள், யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடுங்கள் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அன்றைக்கு நாங்கள் பார்த்த வண்டிகளில் பாதி, மழையிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் நின்றவை. சிலவற்றின் உள்ளே செடியே முளைத்திருந்தது.

மெக்கானிக் தம்பி பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன். முதலில் இன்ஜினைத் தொடவே இல்லை. சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். அதை ஏலப் பட்டியலோடும், பரிவாகன் தளத்தில் செல்போனில் பார்த்த விவரத்தோடும் ஒப்பிட்டார். எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு, ராவிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவினார். வரி எதுவரை கட்டியது, எஃப்.சி. எப்போது முடிந்தது, கடன் பதிவு, அபராத பாக்கி இருக்கிறதா என்பதும் அந்தத் தளத்திலேயே தெரிந்தது.

பிறகுதான் வண்டி. சேஸிஸ் சட்டத்தில் வளைவும் விரிசலும் இருக்கிறதா. ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி இருக்கிறதா. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் இன்ஜின் அசைகிறதா, இறுகிவிட்டதா. ஹெட்லைட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் சேற்றுக் கோடு இருக்கிறதா, அதாவது தண்ணீரில் நின்ற வண்டியா. எலி கடித்த ஒயர் எவ்வளவு. டயரும் பேட்டரியும் எப்படி இருந்தாலும் 'இல்லை' என்றே கணக்கில் எழுதச் சொன்னார்.

"எவ்ளோ வரைக்கும் கேக்கலாம் தம்பி?" என்றேன்.

"இப்பவே ஒரு தொகையைத் தாள்ல எழுதி பாக்கெட்ல வைங்கணா. ஏலம் சூடா போவும்போது அந்தத் தாளைத்தான் பாக்கணும், பக்கத்துல கேக்கறவர் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

65,000 என்று எழுதினேன். பழைய இரும்பு வியாபாரிகள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களுக்குள் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். புதிதாகப் போகிறவரை வீறாப்பில் ஏற்றிவிட்டு நடுவில் நழுவிவிடுவார்கள். நாங்கள் பார்த்து வைத்த 11 வருட டாடா ஏஸ், 62,000 ரூபாயில் 'மூணு தரம்' ஆனது.

காகிதம்

அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பெயர் மாற்ற, படிவம் 32. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கூடவே ஏலத்தை உறுதி செய்த விற்பனை ஆணை, ஏலத்துக்கு அனுமதி தந்த அரசு ஆணையின் சான்றிட்ட நகல், ஆர்.சி., காப்பீடு. ஆர்.சி. இல்லாத வண்டி என்றால் என்ன வழி என்பதை ஏலம் கேட்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பறிமுதல் ஆணை மேல் மேல்முறையீடு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நாங்கள் இங்கேதான் கோட்டை விட்டோம். விற்பனை ஆணையில் இன்ஜின் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக அடித்திருந்தது. வாங்கும்போதே ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. வண்டி கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டோம். திருத்தம் வாங்க ஆறு வாரம் நடந்தோம். அதுவரை வண்டி தென்னை மரத்தடியில் நின்றது.

இன்னொன்று. காப்பீடும் எஃப்.சி.யும் இல்லாத வண்டியை ஏல மைதானத்திலிருந்து ஓட்டி வரக் கூடாது. வழியில் யார்மேலாவது மோதிவிட்டால் நிலத்தை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. வேறு வண்டியில் ஏற்றி வாருங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குட்டி யானை ஓட்டத் தனி சரக்கு உரிமம் வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகு ரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால் 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. உண்டு.

பட்டறையில்

நின்ற டீசல் இன்ஜினைச் சாவி போட்டவுடன் சுற்றவிட்டால் பிஸ்டன் ரிங் உரசிக் கெட்டுப்போகும். தம்பி இன்ஜெக்டரைக் கழற்றி, இரண்டு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவைத்தார். மறுநாள் கையாலேயே சுற்றினார். இறுக்கம் விட்ட பிறகு பழைய ஆயிலையும் டீசலையும் வடித்தார். டீசல் டேங்கைக் கழற்றியபோது அடியில் துருவும் பாசியும் குழம்பாக வந்தது. அதோடு ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பம்பும் போயிருக்கும்.

பிரேக் சிலிண்டர்கள் நாலும் இறுகியிருந்தன. கிளட்ச் தட்டு ஒட்டிப்போயிருந்தது. கதவும் பின்பக்கத் தகரமும் சேலத்தில் பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்தன. ஆனால் பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றிலும் பழையது போடவே மாட்டேன் என்று தம்பி மறுத்துவிட்டார். அந்தக் கறார் எங்களுக்குப் பிடித்தது.

கணக்கு

ஏலத் தொகை 62,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 11,160. ஏற்றி வந்த கூலி 3,500. பழுது பார்த்த வகையில் டயர் 11,600, பேட்டரி 4,800, பிரேக்கும் கிளட்சும் 9,400, டேங்க், பம்ப், இன்ஜெக்டர் வேலை 8,200, ஒயரிங் 4,000, ஆயில், ரேடியேட்டர் குழாய்கள் 4,300, டிங்கர், பெயின்ட் 9,000, மெக்கானிக் கூலி 10,000. ஆக 61,300. காப்பீடு 18,500. பெயர் மாற்றம், வரி, பசுமை வரி, எஃப்.சி. எல்லாம் 9,500.

மொத்தம் 1,65,960 ரூபாய். ஆளுக்கு 55,320.

62,000க்கு எடுத்த வண்டி ரோட்டுக்கு வரும்போது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே ஏலத்துக்குப் போகிறவர் கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஏலத்தில் போடக் கூடாது. ஒரு பங்கு ஏலத்துக்கு என்றால் ஒன்றேமுக்கால் பங்கு பின்னால் வரும் செலவுக்கு. அது இல்லாமல் எடுத்த வண்டிகள்தான் எத்தனையோ வீட்டு வாசலில் கோழி அடையும் கூடாக நிற்கின்றன. பாதியில் வட்டிக்கு வாங்கி முடித்தால், ஏலத்தில் மிச்சம் பிடித்தது வட்டியில் போய்விடும்.

இப்போது தருமபுரிக்கு ஒரு நடைக்கு 400 ரூபாய் டீசல். பழைய வாடகையோடு பார்த்தால் நடைக்கு 1,000 மிச்சம். போட்ட முதல் திரும்ப 166 நடை ஓட வேண்டும். வாரம் இரண்டு நடை என்றால் ஒன்றரை வருடத்துக்கு மேல். அதற்குள் இரண்டாம் வருடக் காப்பீடும் எஃப்.சி.யும் வந்துவிடும். லாபம் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் யாருக்கும் தவணை பாக்கி இல்லை. மூன்று வீட்டு உரமும் விளைச்சலும் நாங்கள் நினைத்த நேரத்தில் நகர்கிறது. தனி ஆளாக இதில் இறங்கியிருந்தால் பாதியிலேயே விட்டிருப்போம். ஆர்.சி. ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்பதால், மூவர் பங்கையும் செலவுப் பகிர்வையும் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டோம்.

யார்டில் பார்த்தவரை மூன்று மாதம் கழித்துக் கடத்தூர் சந்தையில் பார்த்தேன். டிராக்டர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம். என்ன விலைக்குப் போனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கணக்குக் கேட்டு எழுத ஒரு மனு தயார் செய்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அவர் இப்போது ஒரு ஜோடி மாடு வைத்திருக்கிறார். அடுத்த பட்டத்துக்கு அவர் நிலத்துக்கு எரு ஏற்றிப் போகிற முதல் நடை எங்கள் குட்டி யானையில்தான். வாடகை வாங்கப் போவதில்லை.